பீரோ சாவி யார் கையில்?

டேப்லெட் என்றால் நம்ம சனங்களுக்கு மாத்திரைதான். தலைவலிக்கு ஒண்ணு, காய்ச்சலுக்கு ஒண்ணு. இப்போது பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் வந்து இறங்குகிற தொடுதிரைக் கணினிக்கும் அதே பெயர். பெயர் ஒன்றானது தற்செயல்தான். ஆனால் கொடுக்கிறவர்கள் அதை மாத்திரையாகவே நினைத்துக் கொடுக்கிறார்கள். பள்ளியில் வாத்தியார் பத்தலையா, டேப். நூலகத்தில் புத்தகம் இல்லையா, டேப். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரலையா, அதுக்கும் டேப். நோய் என்ன, அது யாரால் வந்தது என்று கேட்காமல் மருந்து மட்டும் கொடுக்கிற வைத்தியம் இது.

இது பற்றி இரண்டு குரல்கள்தான் இதுவரை கேட்கின்றன. ஒன்று, அரசும் கம்பெனிகளும் சேர்ந்து பேசுகிற குரல்: எந்திரம் வந்தால் ஏற்றத்தாழ்வு போய்விடும் என்கிறது. மற்றொன்று, படித்த நடுத்தர வர்க்கத்தின் குரல்: திரை குழந்தைகளைக் கெடுக்கிறது, புத்தக வாசனையே போச்சு என்று புலம்புகிறது. இரண்டுமே சேரிப் பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் பேசவில்லை. முதல் குரலுக்கு அவள் ஒரு பயனாளி, கணக்கில் ஒரு எண். இரண்டாவது குரலுக்கு அவள் கண்ணிலேயே படவில்லை. வீட்டில் புத்தகமே இல்லாதவளுக்கு எந்தப் புத்தகத்தின் வாசனை போயிருக்கும்?

நாம் மூன்றாவது இடத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது.

கல்விக் கருவி எதுவும் நம்மிடம் வெறும் கருவியாக வந்து சேர்ந்ததில்லை. சதாராவில் பள்ளியில் படித்தபோது அம்பேத்கர் வகுப்பில் தனியாக, ஒரு சாக்குத் துண்டின் மீது உட்கார்ந்தார். அந்தச் சாக்கைப் பள்ளியைப் பெருக்குகிறவரும் தொடமாட்டார் என்பதால் தினமும் வீட்டுக்கு எடுத்துப்போய் எடுத்து வந்தார். பிறகு பம்பாய்ப் பள்ளியில் ஒருநாள் கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது வகுப்பில் கூச்சல் எழுந்ததென்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கரும்பலகைக்குப் பின்னால் சாதி இந்துப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அவர் பலகையைத் தொடுவதற்குள் ஓடிப்போய் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். கரும்பலகை அன்றைக்குப் புதிய கல்விக் கருவிதான். ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதற்குச் சாதி இல்லை. ஆனால் அது மாட்டப்பட்டிருந்த அறைக்குச் சாதி இருந்தது.

டேப்லெட் விசயத்தையும் நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எந்திரத்தில் எத்தனை ஜிபி என்பது அப்புறம். அது எந்த அறைக்குள் வருகிறது, யார் தொடலாம், யார் கடைசியாகத் தொடலாம், உடைந்தால் யார் மேல் பழி விழும், சாயங்காலம் பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போகிறவர் யார்? இவைதான் நம் கேள்விகள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் எந்திரத்துக்கு எதிரிகள் இல்லை. ராட்டையும் கைத்தொழிலும் ஏட்டுக் கல்வியைவிட மேலானவை என்று நமக்குப் போதித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கான்வென்டுக்கு அனுப்பினார்கள். அப்பன் தொழிலைப் படி என்ற குலக்கல்வித் திட்டம் 1953இல் இதே மண்ணில்தான் வந்தது, எதிர்ப்பில் செத்தது. ஆகவே எந்திரம் வேண்டாம் என்கிற உபதேசத்தை நம்மிடம் யாரும் செய்ய வேண்டியதில்லை. 2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைப் பட்டணத்துப் பத்திரிகைகள் ஓட்டுக்கான இலவசம் என்று கேலி செய்தன. ஆனால் எத்தனையோ காலனி வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். அண்ணன் படித்து முடிக்க, தங்கச்சி எடுத்துக்கொண்டாள். அதில் படம் பார்த்தார்கள், பாட்டுக் கேட்டார்கள், வேலைக்கு விண்ணப்பித்தார்கள், ஆய்வேடு தட்டச்சு செய்தார்கள். அந்தத் திட்டம் 2019-20க்குப் பிறகு நின்றது. நின்றதும் கொரோனா வந்ததும் அடுத்தடுத்து நடந்தன. மிகத் தேவைப்பட்ட நேரத்தில் கை வெறுமையாக இருந்தது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று அரசு அறிவித்தது. இடையில் போன ஆண்டுகளில் படித்து முடித்தவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மடிக்கணினித் திட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. பொருள் பிள்ளையின் சொந்தம். வீட்டுக்குப் போகும். பள்ளி டேப்லெட்டில் அதுதான் காணாமல் போகிறது.

டேப்லெட்டின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். 2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில் அப்போதைய மனிதவள அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். உலகத்திலேயே மலிவானது என்றார்கள். டேட்டாவிண்ட் கம்பெனியிடம் அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய். ஏழு அங்குலத் திரை. அழுத்தித் தொட்டால்தான் வேலை செய்யும், 256 எம்பி நினைவகம், சீக்கிரமே தீர்ந்துபோகும் பேட்டரி. ஏழைப் பிள்ளைக்கு இது போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். 2012 நவம்பரில் ஆகாஷ்-2 வந்தது. கோடிக்கணக்கான மாணவர்களுக்கு என்று தொடங்கிய பேச்சு, முதல் கட்ட ஒரு லட்சத்தைச் சுற்றியே தேங்கிப்போய், சத்தமில்லாமல் அடங்கியது. மட்டமான சாமானை மலிவு என்ற பெயரில் கொடுத்தால் அதற்குச் சமத்துவம் என்று பெயரில்லை. ரேஷன் கடையில் புழு அரிசியைப் பார்த்த நமக்கு இது புதுசும் இல்லை.

ஆந்திராவில் 2022 டிசம்பர் 21, அப்போதைய முதல்வரின் பிறந்தநாள். அன்று எட்டாம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டேப்லெட் வழங்கத் தொடங்கினார்கள். நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். சாமான் நல்ல சாமான்தான். உள்ளே பைஜூஸ் கம்பெனியின் பாடங்கள். கம்பெனி அதைக் காசு வாங்காமல் கொடுத்ததாகச் சொன்னார்கள். 2024இல் அதே கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. அரசுப் பள்ளியின் பாடத்தை ஒரு கம்பெனியின் ஆயுளோடு கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. காசு வாங்காமல் கொடுத்தான் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. பண்ணையார் வீட்டுத் திண்ணையில் ஓசியில் கிடைத்த கஞ்சிக்கு நம் பாட்டன் எத்தனை நாள் வேலை செய்தான் என்பது நமக்குத் தெரியும்.

வசதி படைத்த நாடுகளிலும் ஏழைப் பிள்ளைகளிடம் நடந்துகொள்கிற விதம் மாறவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2013இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐபேடு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இணைய வசதியும் சேர்த்து மொத்தச் செலவு 130 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். ஆப்பிள் கருவி, அதற்குள் பியர்சன் கம்பெனிப் பாடம். அங்கே படிக்கிறவர்கள் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். கொடுத்த சில நாட்களில் சுமார் 300 மாணவர்கள் அதில் போட்டிருந்த தடையை நீக்கிவிட்டு யூடியூபும் ஃபேஸ்புக்கும் பார்த்தார்கள். கட்டுப்பாட்டுக்காக வைத்திருந்த ஒரு பதிவை நீக்கினார்கள், அவ்வளவுதான். உடனே அவர்களைக் கணினித் திருடர்கள் போலப் பேசினார்கள். வீட்டுக்கு எடுத்துப் போவதை நிறுத்தினார்கள், பல பள்ளிகளில் கருவிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒப்பந்தத்துக்கு முன்பே அதிகாரிகளும் கம்பெனிகளும் பேசிவைத்திருந்தார்கள் என்ற சர்ச்சை வெடித்து, 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது, அக்டோபரில் கண்காணிப்பாளர் பதவி விலகினார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இதே காரியத்தைச் செய்தால் புத்திசாலி, வருங்கால விஞ்ஞானி என்று சொல்லியிருப்பார்கள். நம் பிள்ளை செய்தால் திருட்டு. அங்கே இனம், இங்கே சாதி.

பெரு நாட்டில் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் சின்ன மடிக்கணினிகள் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்றது. கருவி வந்தது, வாத்தியாருக்குப் பயிற்சி வரவில்லை, பாடம் சொல்லும் முறை மாறவில்லை. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையும் இதையே வேறு விதமாகச் சொன்னது: தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனையின் பேரில் வருகிறது என்று கேளுங்கள் என்றது. நாம் அதைச் சாவி என்கிறோம்.

இங்கே சில தோழர்கள் குறுக்கிடலாம். எந்திரத்தால் எங்குமே பயன் இல்லையா என்று. இருக்கிறது. டெல்லியில் பள்ளி முடிந்தபிறகு நடத்திய மையங்களில், ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுக்கும் கணினி மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து, யாரும் சிரிக்காமல், எத்தனை தரம் தப்பு செய்தாலும் திட்டாமல் சொல்லித்தருகிற ஒரு பொருள் நமக்கு வேண்டியதுதான். வகுப்பில் தப்புச் சொன்னால் சாதியைச் சொல்லித் திட்டு வாங்கிய தலைமுறை நாம். எந்திரம் அந்தத் திட்டைத் திட்டாது. இதைச் சின்ன விசயமாக ஒதுக்க முடியாது. ஆனால் அங்கேயும் எந்திரம் தனியாக இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்து சின்னக் குழுக்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். நேரம் ஒதுக்கப்பட்டது, இடம் ஒதுக்கப்பட்டது.

கொரோனா காலம் இந்த உண்மையை முகத்தில் அறைந்து சொன்னது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான பிள்ளைகள் மறுபடி பள்ளிக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். அதுவரை ஆன்லைன் வகுப்பு என்றார்கள். 2017-18இல் அரசே எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதம், இணைய வசதி 14.9 சதவீதம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆன்லைன் வகுப்புக்கு உத்தரவு போட்டார்கள். கேரளத்தில் 2020 ஜூனில், வீட்டில் டிவி பழுதாகி, செல்போனும் இல்லாமல், வகுப்பில் சேர முடியாத ஒரு தலித் மாணவி உயிரை விட்டாள். படிப்பில் கெட்டிக்காரி.

2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ஜான் திரேஸும் அவரது தோழர்களும் 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் சுமார் 1,400 பிள்ளைகளைச் சந்தித்து ஓர் அவசர அறிக்கை வெளியிட்டார்கள். கிராமங்களில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 சதவீதம்தான். அதிலும் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் 4 சதவீதம். மற்ற கிராமப்புறப் பிள்ளைகளில் 15 சதவீதம். ஒரே கிராமம், ஒரே செல்போன் கோபுரம், ஒரே அலைக்கற்றை. சாதி மட்டும் வேறு. ஜார்க்கண்டில் ஒரு கிராமத்தில் மேல்சாதிக் குடும்பங்கள் பள்ளியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். இவர்களும் படித்துவிட்டால் எங்கள் வயலில் யார் வேலை செய்வது என்று ஆய்வுக்குப் போனவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். எந்தக் காலத்திலோ கேட்ட கேள்வி இல்லை இது. செயற்கைக்கோள் காலத்தில் கேட்ட கேள்வி.

சரி, இழந்த படிப்பை எது மீட்டது? அதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்வாசி இந்த மாலை வகுப்பால் வந்தது என்று கணக்கிட்டார்கள். திறந்த பள்ளியும், தெருவில் உட்கார்ந்த ஒரு அக்காவும் மீட்டார்கள். அந்த அக்காவுக்கு அரசு கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். டேப்லெட் கம்பெனியிடம் யாரும் தன்னார்வலராக இருங்கள் என்று கேட்பதில்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற நம் பெண்களிடம் மட்டும் கேட்கிறார்கள்.

இப்போது தமிழ்நாட்டு வகுப்பறைக்குள் டேப்லெட் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறக்குறைய 80,000 டேப்லெட்டுகள் என்று அரசு திட்டமிட்டது. திறன் வகுப்பறைகள், உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்று கூடவே பல நூறு கோடிகள். நல்லது. ஆனால் கருவி ஆசிரியரின் கையில். அதில் அவர் என்ன செய்கிறார்? வருகைப் பதிவு, மதிப்பீட்டுப் பதிவு, இந்தச் செயலி, அந்தச் செயலி. பாடம் நடத்துகிற நேரத்தைப் பதிவேற்றம் தின்றுவிடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியதிலிருந்தே சொல்லி வருகின்றன. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இது இன்னும் மோசம். அந்தப் பள்ளிகளில் யார் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையை அளக்க ஒரு கருவி வந்துவிட்டது. பிள்ளை எடுத்து வாசிக்க ஒரு கருவி இன்னும் வரவில்லை. நம் பிள்ளைகளை அளந்து, கணக்கெடுத்து, அட்டவணையில் போடுகிற வேலையை வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அரசு சிறப்பாகத்தான் செய்கிறது.

அளந்த கணக்கு எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. மத்திய அரசின் 'தீக்ஷா' செயலி மாணவர்களின் துல்லியமான இருப்பிடத்தைச் சேகரிக்கும் திறன் கொண்டதாக இருந்தது என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் 2022இல் சொன்னது. அதே செயலியின் சேமிப்பகம் ஒன்று பூட்டப்படாமல் கிடந்ததால் லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரங்கள் வெளியே தெரியும்படி இருந்தது என்று 2023 ஜனவரியில் செய்தி வந்தது. நம் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் சாதி, ஊர், அப்பா தொழில் எல்லாம் பள்ளிக் கணக்கில் இருக்கிறது. உதவித்தொகைக்காக நாம் கொடுத்த விவரம் அது. நாளைக்கு வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், வேலைக்குப் போகும்போதும் அந்த விவரம் நமக்கு முன்னால் போய் நிற்குமானால் அதை எந்தக் கல்வி ஈடுகட்டும்? பிள்ளைகள் வாசிக்கிற டேப்பை மட்டும் பூட்டிவைக்கிறார்கள். பிள்ளைகளின் விவரத்தைத் திறந்து போட்டிருக்கிறார்கள்.

நூலகத்துக்கு வருவோம். இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது என்று பெருமை பேசுகிறோம். வீட்டுவரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி வசூலிக்கிறார்கள். காலனி வீட்டுக்கும் அதே வரிதான். ஜோதிராவ் பூலே 1882இல் ஹண்டர் கமிஷன் முன் வைத்த வாதம் இன்னும் பழசாகவில்லை. உழைக்கும் சனத்திடம் வாங்கிய வரியை மேல்சாதியாரின் உயர்கல்விக்குச் செலவழிக்கிறீர்களே என்று அவர் கேட்டார். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். நல்ல திட்டம். ஆனால் பல ஊர்களில் கட்டடம் ஊர்த்தெருவில் எழுந்தது. சாவி ஊர்க்காரர் கையில் போனது. சில ஆண்டுகளில் பூட்டே துருப்பிடித்தது. கோயில் நுழைவுக்குச் சட்டம் இருக்கிறது, போராட்டம் இருக்கிறது. பூட்டிக்கிடக்கும் நூலகத்துக்குள் நுழைய நாம் இன்னும் போராட்டம் நடத்தவில்லை.

இந்த நூலகங்களில்தான் டேப்லெட் உண்மையிலேயே பெரிய காரியம் செய்ய முடியும். எப்படி? இணையம் இல்லாமலே வேலை செய்யும் 'கொலிப்ரி' போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. உள்ளங்கை அளவு கணினி ஒன்றில் பாடங்களையும் புத்தகங்களையும் ஏற்றிவைத்தால், அதே அறையில் இருக்கிற பத்து டேப்லெட்டுகளும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாதாமாதம் எந்தக் கம்பெனிக்கும் காசு கட்ட வேண்டாம். தமிழ் இணைய நூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்களும் இதழ்களும் மின்வடிவில் கிடக்கின்றன. அம்பேத்கர் தொகுதிகள் இருக்கின்றன. ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழ் நடத்தினார், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார் என்பது பத்தாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அச்சுப் பிரதி கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கக் காசிருக்காது. திரையில் வந்தால் காலனிப் பிள்ளையும் எடுத்து வாசிக்கலாம். பார்வையற்ற பிள்ளைக்கு அது வாசித்துக் காட்டும். பார்வை மங்கிய பெரியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும். இப்படி ஒரு பொருள் நம் கைக்கு வரக்கூடிய காலத்தில், அது வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? அதை இப்படியே கொடுத்தால் போதும் என்று சொல்லவும் நாம் யார்?

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: டேப்லெட் பிள்ளையின் கைக்கு வர வேண்டும். நூலகப் புத்தகம் மாதிரிப் பதிவேட்டில் எழுதி வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். உடைந்தால் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ காசு கேட்கக் கூடாது. உடையும் என்ற பயத்தில் பீரோவில் வைத்துப் பூட்டுவதை, பிள்ளைக்கு மறுப்பதாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டு: காலி ஆசிரியர் பணியிடத்துக்கு டேப்லெட் பதில் ஆகாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் வாத்தியாரை நியமித்துவிட்டுக் கருவி கொடு. விடுதிகளில் முதலில் கக்கூசும் தண்ணீரும் மின்சாரமும் கொடு, கருவியும் கொடு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்காதே.

மூன்று: ஊராட்சி நூலகம் சாயங்காலம் திறந்திருக்க வேண்டும். காலனியில் அதற்குக் கிளை வேண்டும். நூலகராக ஊரிலுள்ள படித்த தலித் பெண்ணை முறையான சம்பளத்தில் நியமிக்க வேண்டும். மதிப்பூதியம் என்கிற மரியாதையான வார்த்தையில் கூலியைக் குறைக்காதே.

நான்கு: உள்ளே வைக்கிற பாடம் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். எந்தக் கம்பெனி மூடினாலும் திறந்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதில் நம் வரலாறு, நம் எழுத்து, நம் பேச்சுத் தமிழ் இருக்க வேண்டும்.

ஐந்து: பிள்ளையின் சாதி, இருப்பிடம், முக அடையாளம் எந்தச் செயலிக்கும் போகக் கூடாது. என்ன சேகரிக்கிறார்கள் என்பதைப் பெற்றோருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆறு: பழுது பார்க்க வட்டாரத்துக்கு ஒரு இடம் வேண்டும். ஐடிஐ முடித்த நம் இளைஞர்களை அங்கே வேலைக்கு வை. பழுதான கருவி சென்னைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துவிடும்.

கோரிக்கை எழுதுவதோடு நம் வேலை முடியவில்லை. மாணவத் தோழர்களுக்கும் களத்தில் இருக்கிற தோழர்களுக்கும் இந்த இதழ் ஒரு வேலை கொடுக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் போங்கள். எத்தனை கருவி வந்தது, எத்தனை பெட்டியைவிட்டு வெளியே வந்தது, கடந்த மாதம் எத்தனை பிள்ளைகள் தொட்டார்கள், அதில் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். பதில் சொல்ல மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கென்றும், பாதி பெண்களுக்கென்றும், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு அவரவர் அளவுக்கு இடம் உண்டென்றும் சொல்கிறது. பல ஊர்களில் நம் பெண்கள் அந்தக் குழுவில் பெயரளவில் இருக்கிறார்கள், கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவோடு கூடப் போங்கள். பீரோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கிராம சபையில் நூலகத்தைப் பற்றித் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் அதற்கான நாட்கள்தான். தேநீரும் மிக்சரும் சாப்பிட்டுக் கலைவதற்கு மட்டும் இல்லை.

இதைச் சில்லறை வேலை என்று நினைக்கிற தோழர்கள் இருக்கலாம். நிலம், கூலி, வன்கொடுமை என்று பெரிய பிரச்சினைகள் இருக்கும்போது டேப்லெட்டா என்று கேட்கலாம். பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பதும் சில்லறை வேலையாகத்தான் தெரிந்தது. 1927இல் மகாடில் அதற்காக ஆயிரக்கணக்கில் நடந்தோம், அடி வாங்கினோம். பொதுப் பணத்தில் வாங்கிய எதையும் தொட்டு, எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகிற உரிமை அந்தக் குளத்து உரிமையின் தொடர்ச்சிதான்.

உங்கள் ஊரில் எண்ணி எழுதிய கணக்கை இதழுக்கு அனுப்புங்கள். பள்ளியின் பெயரோடு, தேதியோடு, ஆதாரத்தோடு அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். வருகிறதையெல்லாம் அச்சிடுவோம். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் நூலக ஆணைக்குழுவுக்கும் கூட்டமாகப் போவோம்.

ஆசிரியர் குழு